இருளாயிமேல எழுதுன சொல்லு

இல்லீங்க கார்த்திகேசு ஐயா, மனுவுல கெட்ட நடத்தைன்னு போட்டா பத்தாது. அதப் படிச்சுப் படிச்சுத் தொரைக்குப் புளிச்சுப் போச்சு. கள்ளக் குடிச்சாலும் கெட்ட நடத்த, காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு நேரங்கழிச்சு வந்து நின்னாலும் கெட்ட நடத்ததான். எனக்கு அந்த இங்கிலீசுச் சொல்லுதான் வேணும். டிசலூட்டு. சரியாத்தான் சொல்றேன் லா, எங்க தோட்டத்து ஆப்பீசுல கணக்கெழுதுற கிராணி யேசுதாசன மூணு தடவ சொல்ல வச்சு நெஞ்சுல ஏத்திக்கிட்டேன். கைநாட்டுக்காரிக்கு இது எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. நான் ரப்பர் மரத்துல பட்டைய வெட்டிப் பால ஊத்திட்டு, மத்தியானத்துல ஆப்பீசு கூட்டுறவ. கூட்டுறவ காதுல எல்லாந்தான் விழும்.

அர்த்தமா? அதையும் கேட்டு வச்சிருக்கேன். ஒரு நாளு தெரியாம தப்புப் பண்ணுனவளுக்கு அதப் போடக் கூடாதாம். கட்டு அவுந்து, வெக்கம் மானம் எல்லாத்தையும் வித்துட்டு, ஒடம்பு போன போக்குல போறதையே பொழப்பா வச்சிருக்கிறவங்களுக்குத்தானாம். ஆம்பளைக்குப் போடலாமா கிராணியாரேன்னு கேட்டேன். பொஸ்தகத்துல ரெண்டு பேருக்கும் போடலாம், நம்ம தோட்டத்துல பொம்பளைக்குத்தான்னு சொல்லிட்டுச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பப் பாத்தா சோறு எறங்காது. தூ.

இருளாயின்னு ஒருத்தி எங்க லயத்து வீட்டு வரிசையில இருந்தா. எங்க கங்காணி சதாசிவத்துக்கு அவ அலுத்துப் போயிட்டா. அலுத்துப் போன மறுநாளே கிராணிய உக்கார வச்சு ஒரு காயிதம் எழுதுனான். அதுல இந்தச் சொல்லு இருந்துச்சு. தொர அதப் படிச்சதும் மூஞ்சியச் சுளிச்சாரு பாருங்க, செத்த எலியப் பாத்த மாதிரி. ஒரு கேள்வி இல்ல. எட்டே நாளு. அவளையும் கைப்புள்ளையையும் ரயில்ல ஏத்தி, பினாங்குல கப்பல்ல ஏத்தி, நாகப்பட்டணத்துக்கு அனுப்பிட்டாங்க. அந்த எட்டு நாளுல வேற தோட்டத்துலயும் கேட்டுப் பாத்தா, சேத்துக்கல. அவ அழுதுக்கிட்டே போனா. நான் தொடப்பமும் கையுமா நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இப்ப அதே மாதிரி இன்னொருத்தி. பேர அப்பறம் போட்டுக்கலாம், மொதல்ல விசயத்த எழுதுங்க. அவளும் அவ மகளும் இந்த மாசத்துக்குள்ள தோட்டத்த விட்டுப் போயாகணும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. என்ன செஞ்சாளா? புருசன் காய்ச்சல்ல போயி மூணு மாசங்கூட ஆகல, கங்காணி வீட்டுக்குப் பின்வாசல் வழியாப் போயிட்டு வந்தா. போறப்ப அழுதாளாம். அழுதா மட்டும் ஆச்சா? போனவ போனவதான். வாய்க்கால்ல எறங்கித் தேச்சுத் தேச்சுக் குளிப்பா. அந்த வெத்தல எச்சி நாத்தமும் வேர்வ நாத்தமும் எங்க போவும்? அந்தக் கையால சோறாக்கிப் புள்ளைக்கும் போடுறா.

லயத்துக்கே தெரியும் ஐயா. எப்படித் தெரியும்னா, எங்க தோட்டத்துல அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. பெரட்டுல கங்காணி பேரு கூப்புட்டு ஆளுக்கொரு நெரை மரம் பிரிச்சுக் குடுப்பான். மேட்டுக்காட்டு நெரைன்னா ஏறி எறங்கி முட்டி கழண்டுடும், அட்டக்கடி வேற. ரோட்டோரம் சமதளத்துல ஒரு நெரை இருக்கு. நல்ல பாலு, நெழலு, வாளியத் தூக்கிட்டு நாலு எட்டு வச்சா பால் ஸ்டோரு. அந்த நெரைக்கு எவ பேரக் கூப்புடுறானோ, அவதான். வேற ஒண்ணும் சொல்ல வேணாம். பொம்பளைங்க எல்லாம் தரையப் பாப்பாங்க. ஆம்பளைங்க இருமுவாங்க. இருளாயி போனதும் இவ பேரு. ரெண்டு வருசம் அந்த நெரையிலதான் மரம் வெட்டுனா, வெக்கங்கெட்டவ.

என்னைய அப்படிப் பாக்காதீங்க. பொம்பளைக்குப் பொம்பளையே இப்படிக் குழி தோண்டுறாளேன்னுதான நெனைக்கிறீங்க? நெனச்சுக்கிங்க. பாவம் புண்ணியமெல்லாம் அப்பறம் பேசலாம், எழுதுங்க.

வேலைய விட்டு நிக்கிறேன்னு நோட்டீசு குடுத்துட்டுப் போக வேண்டியதுதானேங்கிறீங்க. ரெண்டு தடவ குடுத்துப் பாத்தா. கிராணி அத நேரா கங்காணிகிட்டக் கொண்டு போயிக் குடுத்தான். கங்காணி தொரகிட்டப் போயி, நல்ல வேலைக்காரி, அவள விட்டா அப்படி ஒரு ஆளு கெடைக்காதுன்னு சொல்லிட்டான். ஓடிப் போலாம்னா, சிம்பாங் பூலாய்லேருந்து தெலுக் ஆன்சன் வரைக்கும் எல்லாத் தோட்டத்துலயும் அவன் மாமன் மச்சான்தான் கங்காணி. மறுநாளே முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துருவானுங்க. தொரையே வெரட்டுனாத்தான் வழி. தொரைக்கு அருவருப்பு வந்தாத்தான் வெரட்டுவாரு.

என்ன அவசரமா? சொல்றேன். போன திங்கக்கெழம பெரட்டுல அந்த ரோட்டோர நெரைக்கு அவ பேரக் கூப்புடல. அவ மக பேரக் கூப்புட்டான். பதிமூணு வயசு, ஐயா. புல்லுப் புடுங்குற கும்பல்ல நிக்கிற புள்ள, பால் வெட்டுற உளி புடிக்கக்கூடத் தெரியாது. அது ஒண்ணுந் தெரியாமச் சந்தோசமா ஓடி வந்து, எனக்கு நல்ல நெரை குடுத்திருக்காங்கன்னு சொல்லுது. சனமெல்லாம் தரையப் பாக்குது. ஒருத்தன் இருமுறான். புள்ளைக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லி ஒரு வாரமா வீட்டுக்குள்ளயே வச்சிருக்கா. ஆஸ்பத்திரி டிரெசரு நாளைக்கு வந்து பாக்குறேன்னு சொல்லிட்டாரு.

அதனால நல்லா நாறுற மாதிரி எழுதுங்க. லயத்து இளந்தாரிங்களக் கெடுக்குறா, அவளால வெட்டுக்குத்து வரப்போகுதுன்னு போடுங்க. வெட்டுக்குத்துன்னா தொரைக்குப் பயம். இல்லாததுதான், ஆனாலும் போடுங்க. கங்காணி பேரா? ஐயோ, வேணாம். அவன் பேரு வந்துச்சுன்னா தொர அவனையே கூப்புட்டு விசாரிப்பாரு, எல்லாம் கெட்டுது. கையெழுத்துக்கு லயத்துச் சனங்கன்னு போடுங்க. தொர பேரு போட்டுத் தபால்ல போனாத்தான் அவரு கையில நேரா விழும், கிராணி பிரிக்க மாட்டான்.

அந்தச் சொல்லு அவகூடவே கப்பல் ஏறிப் போவுமேங்கிறீங்க. போவட்டும் லா. நாகப்பட்டணத்துல எறங்குனா எவனுக்கு இங்கிலீசு தெரியும்? அங்க போயிக் கல்லு ஒடைக்கட்டும், மண்ணு சொமக்கட்டும். அவளுக்கு வேண்டியதுதான்.

முடிஞ்சுதா? சரி, பேரு எழுதிக்கிங்க. கருப்பம்மா. எட்டாம் நம்பரு லயம். செத்துப்போன மாயாண்டி பொஞ்சாதி.

ஏன் பேனாவ வச்சிட்டீங்க? ஆமா, நாந்தான். அழுவல, ஐயா, தண்ணியெல்லாம் வேணாம். எனக்குத் திரும்பிப் போற வண்டி நாலு மணிக்கு. எழுதுங்க.

மகளையும் கூட அனுப்பணும்னு போட்டுருங்க. நல்லம்மா அவ பேரு. அத மட்டும் தனியாக் கீழ எறக்கி எழுதுங்க. அந்தச் சொல்லு இருக்குற வரியில அவ பேரு வரவேணாம்.