காயிதப் பையில கொட்டிக்குங்க

கோவப்படாதீங்க தம்பி, சிப்ஸ நான் புடுங்கல. இந்தாங்க காயிதப் பை. இதுல கொட்டிக்கிட்டு வெறும் பாக்கெட்ட மட்டும் எங்கிட்ட குடுங்க. பாப்பா, உனுக்கு ஒண்ணும் கொறையாது, அதே சிப்ஸுதான்.

சிதம்பரத்துலேர்ந்தா வர்றீங்க? வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறி வந்த கடுப்பு, புரியுது. ஆனா இந்த மான் பூங்கா கேட்டுல உக்காந்து பிளாஸ்டிக் கவர் வாங்குறதுதான் என் வேல. உள்ள குப்பத்தொட்டி இருக்குதுதான். அதுல போடுறவங்களவிட பக்கத்துல போடுறவங்க ஜாஸ்தி.

இங்க எதுவும் வீணாப் போவாது தம்பி. மான் புழுக்க, தின்னு மிஞ்சுன தழ எல்லாம் மண்புழுத் தொட்டிக்குப் போவுது. அந்த மண்புழு ஒரத்துலதான் அதுங்களுக்கே புல்லு வெளையுது. கவருங்களக் கழுவிக் காயவச்சு மூட்ட கட்டுனா, ரோடு போட எடுத்துக்கிட்டுப் போறாங்க. எல்லாம் எங்க வூட்டுக்காரரு பாக்குற வேல. தீனி வைக்கிறதும் அவருதான்.

என்ன கேக்குது பாப்பா? கம்பிகிட்ட வந்து நிக்குமே, அந்தப் புள்ளி மானா? போன தடவ பாத்தியா நீ? அது பவானி. அவரு வச்ச பேரு. கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப குமராட்சி பக்கம் ஒதுங்குன குட்டி, தம்பி. அவரு மடியிலதான் ஆட்டுப்பாலு குடிச்சி வளந்துது. அப்பறம் அகத்திக்கீரய ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்தாருவாரு. கவர் சரசரன்னா போதும், எங்க இருந்தாலும் ஓடியாந்துடும். அதுல அவருக்கு அவ்ளோ பெரும. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் கவர ஆட்டிக் காட்டுவாரு.

எந்தக் கவர்ல கீர இருக்குதுன்னு அதுக்கு என்னா தெரியும்? காணும் பொங்கல் கூட்டத்துல எவனெவனோ ஆட்டுனான், உள்ள வீசுனான். உப்பு ருசிக்குக் கவரோட மென்னுடுச்சி. வயிறு ஊதிப் படுத்தது, எந்திரிக்கவே இல்ல.

டாக்டரு வயித்த அறுத்தப்ப கவருங்க பந்து மாதிரி சுருண்டு வந்துது. அவரு பக்கத்துலதான் நின்னாரு. அத வாங்கிக்கிட்டுப் போயி ஒவ்வொண்ணாப் பிரிச்சி, கழுவி, கொடியில காயப்போட்டாரு. காஞ்சதும் மத்த கவருங்களோட மூட்டையில சேத்துட்டாரு. நான் கிட்டப் போயி நின்னேன், என்ன ஏறெடுத்தே பாக்கல.

மத்த மானுங்களும் தின்னுடும்னா? இல்ல தம்பி, அதுங்க மனுஷங்க கிட்ட வராது. ஆளக் கண்டாலே ஓடிடும். பிளாஸ்டிக் கூடாதுங்குற சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் கேக்குறது அதுக்கில்ல.

அவரு இப்ப உள்ளதான் புல்லு போட்டுக்கிட்டு இருக்குறாரு. யாரு கையிலயாவது கவர் சரசரன்னா, புல்லுக்கட்ட அப்படியே போட்டுட்டு வேலிப்பக்கம் திரும்பிப் பாக்குறாரு, அது ஓடியாருதான்னு.

குடுங்க தம்பி. கசக்காம, மெதுவா குடுங்க.