வரேன் என்று சொன்னார்

சீசன் முடிந்த பிறகு பனிமலைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம், ஐயா. கூட்டம் இருக்காது, விடுதியில் கேட்ட அறை கிடைக்கும், வெந்நீருக்குக் காத்திருக்க வேண்டாம். நாலு பேரிடம் விசாரித்து, வழிகாட்டியைப் பேசி அமர்த்தி, அந்தப் பயணம் முழுவதையும் ஏற்பாடு செய்தவன் நான். ஆனால் மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கியதும் என் மனைவி சொன்னது, "மாப்பிள்ளை வந்ததாலதான் ட்ரிப்பே களை கட்டுது."

மாப்பிள்ளை என்றால் அவள் தங்கையின் கணவர். எனக்குச் சகலை. மெத்தைக் கடை வைத்திருந்தார். "நம்ம மெத்தையில படுத்துப் பார்க்கறவங்க எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க, அப்புறம் எங்கேர்ந்து வாங்கறது?" என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். பழைய ஜோக் என்று அவளுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் குளிரிலும் என் வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. வல்லின 'றா' போட வேண்டும், அவ்வளவுதான்.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அச்சேறும் முன் பிழையைக் கண்டுபிடிப்பது என் தொழில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததெல்லாம் ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

எங்கள் வழிகாட்டி அந்த மலைக்காரர். தமிழ் தெரியாது. கைஜாடையும் புன்னகையுமாகக் காலத்தை ஓட்டினார். சகலைக்கு வாய் சும்மா இருக்குமா? நடக்க நடக்க அவருக்குத் தமிழ்ப் பாடம் எடுத்தார். கையைத் தன் பக்கம் இழுத்து "வரேன்" என்றார். தூரத்தைக் காட்டி "போறேன்" என்றார். வழிகாட்டி பள்ளிப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். பெண்கள் இருவரும் கை தட்டினார்கள்.

கிளம்பும்போது நாம் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை, "வரேன்" என்றுதான் சொல்வோம். அதைக் கற்றுக்கொடுக்கச் சகலை மறந்துவிட்டார். என் கண்ணில் அந்தப் பிழை உடனே பட்டது. நான் திருத்தவில்லை. அப்போது என் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

கடைசி நாள் மேட்டிலிருந்து விடுதிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், கணவாய்க்குப் போகும் வழியை மறித்துக் கயிறு கட்டியிருந்தது. வழிகாட்டி அதைக் காட்டி இரண்டு கைகளையும் பெருக்கல் குறியாக வைத்தார். பனி சரிவதுபோல் விரல்களைச் சறுக்கிக் காட்டினார். எல்லோருக்கும் புரிந்தது. மச்சினிக்குத் தலைவலி. பெண்களை அழைத்துக்கொண்டு வழிகாட்டி முன்னால் இறங்கினார். என் மனைவி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"மாப்பிள்ளை, மேகம் விலகினா அந்தச் சிகரத்தை எனக்கு ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

என் சட்டைப்பையிலும் கேமரா வைத்த போன் இருந்தது, ஐயா.

சிறிது நேரத்தில் மேகம் விலகியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏறினால் சிகரம் முழுதாகத் தெரியும்போல் இருந்தது. சகலை கயிற்றைத் தாண்டினார். "அண்ணா, நான் வரேன். கைடுகிட்ட சொல்லிடுங்க" என்று கையசைத்தார்.

நான் விடுதிக்கு இறங்கிப் போனேன். வழிகாட்டி வாசலிலேயே நின்றிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்து, இன்னொருவர் எங்கே என்று கையை விரித்துக் கேட்டார்.

"வரேன்னு சொன்னாரு."

அவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. தெரிந்த சொல் அல்லவா. "வரேன்! வரேன்!" என்று தன் பக்கம் கையை இழுத்துக் காட்டிவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

சகலை சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மனைவி கேட்டபோதும் உண்மையைத்தான் சொன்னேன். "கைடுகிட்ட சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்." அவள் நிம்மதியாகத் தங்கைக்குத் தைலம் தேய்க்கப் போனாள்.

பனி கொட்டத் தொடங்கியது. வழிகாட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வரேன்?" என்று மறுபடியும் என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். விளக்கை எடுத்துக்கொண்டு, நாங்கள் வந்த மேட்டுப் பாதையில் தேடப் போனார். வருகிறேன் என்றவர் அந்த வழியில்தானே வர வேண்டும். கயிற்றுக்கு அப்பால் இருந்த காலடித் தடங்களைப் பனி மூடியிருந்தது.

அவர் போன பிறகு விறகு எடுக்க வெளியே வந்தேன். கணவாய்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவாகவே கேட்டது. மனைவி பெயரையோ மச்சினி பெயரையோ கூப்பிடவில்லை. "அண்ணா" என்று என்னைத்தான் கூப்பிட்டார். உள்ளே வந்து கதவைத் தாழிட்டு அடுப்பில் விறகு வைத்தேன். யார் சத்தம் என்று மனைவி கேட்டாள். காற்று என்றேன். அந்தப் பயணம் முழுவதும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறுநாள் ஒரு பாறையில் சாய்ந்தபடி கிடைத்தார். விபத்து என்றார்கள். தமிழைத் தப்பாகப் புரிந்துகொண்ட வழிகாட்டியால் வந்த வினை என்று வேலையைப் பறித்தார்கள். அவர் எல்லோரிடமும் கையைத் தன் பக்கம் இழுத்துக் காட்டி "வரேன், வரேன்" என்று அழுதாராம். பாவம்தான். ஆனால் நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது அவருக்காக இல்லை.

சகலையின் போனில் அந்தச் சிகரம் அழகாகப் பதிந்திருந்தது. என் மனைவி அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். தினமும் காலையில் அதன் முன்னால் நின்று, "எனக்காகப் போனாரு" என்கிறாள். அது சரியல்ல, ஐயா. அவர் என்னால் போனார். அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களே அவளிடம் சொல்லுங்கள். இனிமேல் அவரை நினைக்கும்போதெல்லாம் அவள் என்னையும் நினைத்துத்தானே ஆக வேண்டும்?