கட்டைக்கால் எழுத்தின் மதிவதனா அக்கா

மேடையில் வீற்றிருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கந்தப்போடி ஐயா அவர்களே, அக்காவின் துணைவர் இராகுலன் அண்ணை அவர்களே, சாம்பல்தீவிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் இன்றைய தொழிலை விட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

இந்த அனுசன் பேச வந்தால் சிரிப்பு வரும் என்று சிலர் ஆயத்தமாக இருப்பது தெரிகிறது. இன்று என்னாலும் அது ஏலாது.

நம் படகுகளுக்கு இலக்கம் எழுதிய கரையோர எழுத்துக் கலைஞர் மதிவதனா அக்கா, காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாளில் போய்விட்டார். பருவம் தொடங்கப் பத்து நாள்தான் இருக்கிறது. பத்தொன்பது படகுகள் இலக்கமில்லாமல் மணலில் நிற்கின்றன. இனி அவற்றுக்கு யார் எழுதுவது?

அந்த எழுத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்லாப் செரிஃப் என்று அக்கா சொல்வார். நாங்கள் கட்டைக்கால் எழுத்து என்போம். நிற்கும் கோடும் படுக்கும் கோடும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. தலையிலும் அடியிலும் செங்கல் வைத்ததுபோல் சதுரப் பாதம். மெலிந்து மறையும் முனை இல்லை, மினுக்கு இல்லை. ஐஸ் பெட்டியிலும் விளையாட்டுக் கழகச் சட்டையிலும் அது அசையாமல் நின்றது. அக்கா எழுத்துக்குக் கால் வைத்தார். சின்னப் பெடியன் எனக்கோ அப்போது வால்தான் இருந்தது. அக்காவின் எழுத்தைப் பார்த்துக் கீறி, "இத்துறையில் காகங்கள் அமரத் தடை" என்று பலகை வைத்தேன். பெரியவர்கள் இருவர் நின்று காகம் கலைத்தார்கள். அந்த எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

என் அப்பாவின் படகுக்கு எழுதி முடித்ததும், அவரை அறுபது யார் தூரம் தள்ளி நிறுத்தி, கடலில் பார்ப்பதுபோலக் கண்ணில் உப்புத் தண்ணீர் அடித்து வாசிக்கச் சொன்னார் அக்கா. அது அவருடைய வழக்கம். அப்பா கடகடவென்று சொன்னார்.

"அண்ணை, நீங்கள் வாசிக்கேல்ல. பாடமாக்கினதைச் சொல்லுறியள்."

"என்ர படகு பிள்ளை, எனக்குத் தெரியாதே?"

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? கடலில பாக்கிறவன் தெரியாதவன்தானே."

வழியால் போன மீன் வியாபாரி றிகாஸ் நானாவைப் பிடித்தார்.

"தங்கச்சி, மீன் வாங்க வந்த என்னைக் கருவாடாக்கப் போறியோ?" என்றபடி அவர் வாசித்தார். கடைசி இலக்கத்தில் தடுமாறினார். அக்கா முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினார்.

போன வாடைக்காற்றில் இயந்திரம் நின்று, அப்பாவின் படகு இரண்டு நாள் அலைந்தது. கொந்தளிப்பில் கிட்ட வர ஏலாத ஒரு கப்பல், தொலைநோக்கியால் பார்த்து இலக்கத்தையும் இடத்தையும் துறைமுகத்துக்கு அறிவித்தது. ஒரு வருடமாகத் துறையில் கட்டிய டயரில் உரசிய பக்கம் அது. மெல்லிய கோடென்றால் எப்போதோ அழிந்திருக்கும். துறைமுகத்திலிருந்து கேட்டதும், "எங்கட படகுதான்" என்று கந்தப்போடி ஐயா சொன்ன கையோடு நம்மவர்கள் மூன்று படகில் புறப்பட்டார்கள். அப்பா அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அந்த மாலுமி எந்த நாடோ, அவருக்கு அக்காவைத் தெரியுமா? நம்மைத் தெரியுமா? எழுத்து மட்டும் தெரிந்தது.

அக்கா எழுத்து வெட்டி வைத்த தகடுகளைக் கேட்டு, நேற்று நாங்கள் சிலர் இராகுலன் அண்ணையிடம் போனோம்.

"வேற கை பட்டா, அவள் போயிட்டாள் எண்டு ஆயிடுமடா" என்றார்.

நாங்கள் எழுந்துவிட்டோம். அவர் உள்ளே போய், அலுமாரியிலிருந்த அத்தனை தகடுகளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

சபையோரே, அக்காவின் பெயரால் உறுதி சொல்கிறோம். பத்தொன்பது படகும் இலக்கத்தோடுதான் கடலில் இறங்கும். நாளை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். சொந்தக்காரர்கள் முன்பக்கத்தை உப்புப் போகத் துடைத்து வையுங்கள். முதல் எழுத்தை மட்டும் நாங்கள் தொடமாட்டோம். இராகுலன் அண்ணை, அது உங்கள் கை.