ஊர் சொல்லும் பதிலை விழுங்கிய பெட்டி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பையன், பக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்கிற அவன் அக்கா புருஷன். பையன் திடீரென்று சொன்னான்:

"மாமா, உங்க ஊர்ல ஆளே இல்லன்னு மெஷின் முடிவு பண்ணிடுச்சு."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வாயக் கழுவுடா."

"நெஜமா. போன வருஷம் அலை வந்தப்புறம் கடல் எச்சரிக்கை சொல்ல ஊர் ஊருக்கு ஸ்பீக்கர் வெச்சாங்கல்ல? டவுன் மெஷின் அப்பப்போ 'யாருக்கு வேணும்'னு கேக்கும். ஊர்லருந்து ஒரு பெட்டி 'எனக்கு'ன்னு சொல்லணும். சொல்லலன்னா அந்தப் பக்கம் சேதி அனுப்பாது."

"எங்க பெட்டி சொல்லாதா?"

"சொல்லுது. நடுவுல புதுசா மாட்டுன பெட்டி அந்தப் பதில முழுங்கிடுது."

"டெஸ்ட் பண்ணப்போ நல்லா கத்துச்சேடா!"

"மாட்டுன புதுசுல கொஞ்ச நேரம் கத்தும். அப்புறம் பதிலே வரல, ஆளில்லன்னு மெஷின் நிறுத்திடும். சாயங்காலம் கடல் உள்ள வரும்னு காலையில அனுப்பினாங்க மாமா. உங்க ஊருக்கு மட்டும் போவல. அக்காவுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. அதான் கிளம்பி வர்றேன்."

மாமா எழுந்து கம்பியைப் பிடித்தார்.

"ஸ்பீக்கர் கம்முனு இருந்தா பயமில்லன்னு நெனச்சுக்கினு, உங்கக்கா புள்ளைங்களோட கரையோரம் உப்பு வாரிக்கினு இருப்பாடா... கண்டக்டர், சீக்கிரம் போகச் சொல்லுங்க!"

"ஏம்பா, உப்பு கரைஞ்சிடப் போவுதா?" என்றார் கண்டக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நானும்தான்.