ஈரக்கழிவு

கம்ப்யூட்டரில் படிவம் தயாரிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, சாமி. திரையில் கட்டங்களை மவுஸால் இழுத்து வைத்து, எதைக் கூட்டணும், எதைக் கழிக்கணும் என்று ஒரு ஃபார்முலா கொடுத்துவிட்டால் போதும். அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் கணக்குப் பார்க்கும் சிவப்பிரகாசம் முதலாளியின் பட்டுக்கடைக்கு இரண்டாயிரத்து மூன்றில் நான் அப்படித்தான் ஒன்று செய்து கொடுத்தேன்.

நீங்கள் எங்கள் ஆரணி சர்ச்சுக்குப் புதுசாக வந்த சாமியார், எங்கள் நெசவு வழக்கம் தெரிந்திருக்காது. நெசவாளிக்குப் பட்டை எடை போட்டுக் கொடுப்பார்கள், சேலையாக வந்ததும் எடை போட்டு வாங்குவார்கள். மழையில் பட்டு ஈரம் குடித்துக் கனக்கும், வெயில் காலத்தில் இளைக்கும். அந்த வித்தியாசத்தை ஈரக்கழிவு என்று தள்ளிவிடுவார்கள். அதற்கும் மேல் குறைந்தால் நெசவாளி திருடன்.

என் அப்பா சிங்கராயரைத் திருடன் ஆக்கியது, அவரைப் போலவே அந்தக் கடைக்கு நெய்த எல்லப்பன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கூரை ஒழுகி நனைந்துபோன சேலையோடு அப்பா கடைக்குப் போனார். தராசுப் பக்கம் நின்றிருந்த எல்லப்பன், "பட்ட எடுத்துக்கினு, எடைக்குத் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்துகீறான்" என்றார். அப்புறம் ஊரில் ஒரு கடையும் அப்பாவுக்குப் பட்டு தரவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்தால் கை நடுங்கும், கட்டங்கள் கோணலாகிவிடும்.

எல்லப்பனின் தறி எண்ணுக்கு மட்டும் ஈரக்கழிவைச் சேர்க்காதே என்று ஃபார்முலாவில் எழுதினேன். கட்டம் திரையில் இருக்கும், கணக்கில் வராது.

ஐப்பசி மழையில் பட்டு வாங்கிப் போனவர் தையில் சேலைகளோடு வந்தார். குறை என்று காட்டியது. முதலாளி திட்டவில்லை, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று மட்டும் சொன்னார். எல்லப்பன் என் மேஜைக்கு வந்தார்.

"பாப்பா, இன்னொரு வாட்டி போட்டுப் பாரும்மா. சத்தியமா நான் எடுக்கல."

போட்டேன். அவர் கேட்காமலேயே மறுபடியும் ஒரு தடவை போட்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம், சின்ன வயசில் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்றுகூட எனக்கு இல்லை.

விஷயம் மற்ற கடைகளுக்கும் போனது. மாசி முடிவதற்குள் அவர் பூச்சிமருந்து குடித்துச் செத்துப்போனார். உடனே உயிர் போகவில்லை என்றார்கள்.

நான் கொல்லவில்லை, சாமி. அவரும்தான் அப்பாவைச் சாரத்திலிருந்து தள்ளிவிடவில்லையே. அவர் நாக்கால் செய்ததை நான் மவுஸால் செய்தேன், அவ்வளவுதான். இப்போது மனசில் பகை என்று ஒன்றும் இல்லை, லேசாக இருக்கிறது.

அந்தத் தறியில் இப்போது அவர் மனைவி கற்பகம் அக்கா உட்காருகிறார். முதலாளி இரக்கப்பட்டு அதே எண்ணில் பட்டு கொடுத்தனுப்பினார். போன வாரம்தான், நல்ல மழையில். ஃபார்முலாவை எடுத்துவிடு என்பீர்கள். ஒரு நிமிஷ வேலைதான். தையில் சேலையோடு வருவார் இல்லையா, அவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறேன்.