மேப்புல இருந்த ரோடு

இல்லண்ணே, உள்ள வரலை. இடுப்புக்குக் கீழ முழுக்கச் சேறு. இப்படி வாசப்படியிலயே உக்காந்துக்கறேன். அண்ணி, அந்தச் செம்பையே குடுத்துடுங்க, டம்ளர் பத்தாது.

பைக்கா? அந்தா, உங்க கோழிக்கூட்டு மேல சாச்சு வெச்சிருக்கேன். ஸ்டாண்டு ஒரு பாறையில கழண்டு போச்சு. கண்ணாடி அதுக்கு முன்னாடியே போச்சு. ஹாரன் மட்டும் தானா அடிச்சுக்கிட்டே வந்துச்சு. நான் அழலாம்னு பாத்தேன், எனக்கும் சேத்து அதுவே அழுதுருச்சு.

ஆமாண்ணே, அந்த வழியாத்தான் வந்தேன். போன மாசம் உங்க பஸ்ஸு சாஞ்சுச்சே, அதே மலைப் பாதை. தனியாத்தான். கூட வாடான்னு ஒருத்தனைக் கூப்பிட்டேன், அவனுக்குப் புத்தி இருந்துச்சு.

சிரிக்காதீங்க. முதல் ரெண்டு கிலோமீட்டர் மண் ரோடு, பாடிக்கிட்டே வந்தேன். அப்புறம் ஜல்லி. அப்புறம் பாறை. அப்புறம் தண்ணி. போன்ல அந்தப் பொம்பளைக் குரல் நேராப் போங்க, நேராப் போங்கன்னு உயிரை வாங்குது. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, எங்கம்மா போறதுன்னு கேட்டேன். இன்னும் ஏழு நிமிஷம்தான்னு சொல்லுது. எருமை நடுரோட்டுல படுத்துப் பாத்திருக்கேன்ணே, நடுரோட்டுல நீச்சலடிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். அதுக்கே என்மேல பாவமாப் போச்சு போல, ஒதுங்கி வழி விட்டுச்சு.

நாலு தடவை விழுந்தேன். சரி, ஆறு. அதுல ஒரு தடவை வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு.

எதுக்கு வந்தேனா? உங்க விஷயம் கேள்விப்பட்டேன். திங்கக்கிழமை விசாரணையாமே. பன்னெண்டு வருஷ வேலை போயிரும்ங்கறாங்க. மேப்பு காட்டுன வழியிலதான் போனேன்னு நீங்க சொன்னதுக்கு, எந்த மடையனாவது ஓடையை ரோடுன்னு மேப்புல போடுவானா, டிரைவர் தூங்கிக்கிட்டு ஓட்டியிருக்கார்னு உங்க மேனேஜர் எழுதிட்டாராம். மேப்பு கம்பெனிக்காரங்க மறுநாளே அந்தக் கோட்டை அழிச்சுட்டாங்க. இப்பத் தேடுனா வராது. ஆனா என் போன்ல முன்னாடியே இறக்கி வெச்ச பழைய மேப்பு அப்படியே இருக்கு. வர்ற வழி பூராப் படமும் புடிச்சிருக்கேன். எருமையோட சேத்து.

ஐயோ, பத்திரிகைக்காரன் இல்லண்ணே. வக்கீலும் இல்ல. வக்கீல் இந்தச் சேத்துல இறங்குவாரா?

ஓடை எப்படி மேப்புல ரோடாகும்னா, சேட்டிலைட்டு மேல இருந்து எடுத்த படத்தை ஸ்க்ரீன்ல வெச்சுக்கிட்டு, ரோடு தெரியற இடத்துல கோடு இழுக்கணும். ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோமீட்டர் கணக்கு. அன்னிக்கு அஞ்சேமுக்கால் ஆச்சு, இன்னும் நாலு கிலோமீட்டர் குறையுது. ஆறு மணிக்கு ஆபீஸ் வேன் கிளம்பிரும். படம் எடுத்தது நல்ல கோடையில. ஓடை காஞ்சு, வெள்ளையா, வளைஞ்சு வளைஞ்சு, அம்சமான மலை ரோடு மாதிரியே கிடக்கு. கோடு போட்டா ரோடே போட்டுருவான்னு சொல்லுவாங்கல்ல? நான் அதைத்தான் செஞ்சேன்.

ஆமாண்ணே. நான்தான்.

உக்காருங்கண்ணே. அண்ணி, நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க. மெயின் ரோட்டுல வந்திருந்தா ஒரு மணி நேரம். உங்க மூஞ்சியில முழிக்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை அதுல வரணும்னு தோணுச்சு. ஒரு மாசமா சோறு இறங்கலைண்ணே, நெஜமா.

அந்த விறகுக்கட்டை எதுக்கு? சரி, அடிங்க. நியாயம்தான். வலது கையை மட்டும் விட்டுருங்க. திங்கக்கிழமை உங்க ஆபீஸ்ல வந்து, தப்பு என்னுதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.