கண்ணால் பாஸான காது

"நீங்கள் அந்தக் காது சோதிச்ச பிள்ளையை ஏமாத்திப்போட்டு வந்திருக்கிறீங்கள்!"

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவனின் காதுக்குள் கத்தினார். பஸ் முழுக்கக் கேட்டது. நகரத்தில் காதுச் சோதனை முடித்துக்கொண்டு இருவரும் ஊர் திரும்புகிறார்கள். மனிதர் மீன்பிடிப் போட் ஓட்டுபவர். முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன ஏமாத்தினது? சத்தம் கேட்டால் பட்டனை அமத்தச் சொன்னா. அமத்தினனான். ஒண்டும் விடேல்லை."

"சத்தம் எங்க கேட்டது? கண்ணாடிக்கு அங்கால அந்தப் பிள்ளை சத்தத்தைப் போட மெஷினைத் தட்டேக்க, கை அசையிறதைப் பாத்தெல்லோ அமத்தினீங்கள்! நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

"அது பழக்கமப்பா. எஞ்சின் சத்தத்துக்குள்ள கடலில நாங்கள் கையாலதானே கதைக்கிறது. கை அசைஞ்சால் கண் தானாப் போகுது."

"இப்ப காது நல்லம் எண்டு சொல்லிப்போட்டா. இனிக் காதுக்கு மெஷின் தருவினமோ? போன கிழமை துறைமுக வாசலில உங்கட போட்டுக்குப் பின்னால கப்பல் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்ததே, அது கேட்டதோ?"

"எந்தக் கப்பல்?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கப்பல் இடித்திருந்தால் சிரிக்க அவர் இருந்திருக்க மாட்டார்.

அந்தப் பெண் எழும்பி அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"சிரிச்சது காணும். நாளைக்குத் திரும்பிப் போய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பட்டனை அமத்துவீங்களோ, மாட்டீங்களோ? இவ்வளவு சனமும் கேக்க இப்பவே சொல்லுங்கோ!"